இடமில்லாத ஸ்ட்ரீட் ராடில் டிரான்ஸ்மிஷன் கூலரை எங்கே வைப்பது?

அரிசோனாவின் சாண்ட்லரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 1932 ஃபோர்டு கூப்பே. உள்ளே செவர்லே 350 இன்ஜின், டர்போ 350 டிரான்ஸ்மிஷன், ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர். ரேடியேட்டருக்குள் டிரான்ஸ்மிஷன் எண்ணெயை ஆறவைக்கும் குழாய் கிடையாது. வண்டியைக் கட்டிக்கொடுத்த பட்டறை, வண்டியின் அடிச்சட்டத்தில் நீளவாக்கில் ஓடும் ஃப்ரேம் ரெயிலின் உட்புறமாக, ஃபின் என்னும் மெல்லிய தகடுகள் வைத்த ஓர் அலுமினியக் குழாயை மாட்டிவிட்டு ‘இதுவே போதும்’ என்று அனுப்பியிருக்கிறது. கோடையில் அரை மணி நேரம் நெரிசலில் ஊர்ந்தால் டிரான்ஸ்மிஷனின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான பேனில் இருக்கும் வெப்பமானி 245 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறதாம். ‘இன்னொரு கூலரை எங்கே நுழைக்கலாம்?’ என்பது அவர் கேள்வி.

நண்பரே, எங்கே நுழைக்கலாம் என்பது கேள்வியின் பாதிதான். உங்கள் வண்டி ஏன் இவ்வளவு சூட்டை உண்டாக்குகிறது, அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வண்டியில் எங்கே காற்று ஓடுகிறது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஸ்ட்ரீட் ராடில் காலியாக இருக்கும் இடமும் காற்று ஓடும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. டெட்ராய்ட் பக்கத்தில் 19 வருடமாக டிரான்ஸ்மிஷன் பிரித்துக் கோர்க்கும் வேலை செய்கிறேன். எரிந்துபோய் என் மேசைக்கு வந்த ஸ்ட்ரீட் ராட் டிரான்ஸ்மிஷன்களில் பலவற்றில் கூலர் இருக்கத்தான் செய்தது. காற்றே இல்லாத இடத்தில் இருந்தது.

இந்த வண்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1949க்கு முந்தைய அமெரிக்கக் காரின் உடலை வைத்துக்கொண்டு உள்ளே புதுக்காலத்து இன்ஜின், டிரான்ஸ்மிஷன், பிரேக் எல்லாம் வைத்துச் சாலையில் ஓட்டுவதே ஸ்ட்ரீட் ராட். அதில் 1932 ஃபோர்டுக்குத் தனி மரியாதை உண்டு. ஃபோர்டு தன் முதல் வி8 இன்ஜினைப் போட்ட வருடம் அது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். அந்த அளவு இன்ஜினுக்கு ஏற்றபடி செய்த முன்பக்க மூக்கும் ரேடியேட்டர் கூடும் அவை. அதற்குள் நாம் 350 கன அங்குல இன்ஜினையும், ஏசியையும், ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனையும் திணிக்கிறோம். இட நெருக்கடி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் 245 டிகிரியைப் பற்றி. செல்சியஸில் 118. அது நல்ல எண் இல்லை. பேனில் 160 முதல் 200 வரை, அதாவது ஏறக்குறைய 70 முதல் 93 செல்சியஸ் வரை இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். 220ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 250ஐத் தொட்டால் ஓரமாக நிறுத்த வேண்டும். எண்ணெய் சூடாகச் சூடாக வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது, ரப்பர் சீல்கள் விறைக்கின்றன, வால்வுகளில் பழுப்புப் பூச்சு படிகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரித்துப் பார்த்த ஒவ்வொன்றிலும் கண்ணால் கண்டது. ஆனால் பல பட்டறைச் சுவர்களில் ஒரு பட்டியல் தொங்கும். 175 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்று சொல்லி, இத்தனை டிகிரிக்கு இத்தனை ஆயிரம் மைல் என்று கணக்குப் போட்டிருக்கும். அதன் போக்கு சரி. மைல் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். இன்றைய எண்ணெய்கள் பழையவற்றைவிடச் சூடு தாங்கும். அதற்காக 245 டிகிரியில் தினமும் ஓட்டலாம் என்று ஆகிவிடாது. எண்ணெய் தாங்கினாலும் உங்கள் டிரான்ஸ்மிஷனுக்குள் இருக்கும் ரப்பர் தாங்காது.

சூடு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரிலிருந்து. இன்ஜின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயை வீச, டிரான்ஸ்மிஷன் பக்கத்துச் சக்கரம் அந்த எண்ணெயின் விசையில் சுற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை, எப்போதும் கொஞ்சம் வழுக்கல் உண்டு. வழுக்கலில் போகும் சக்தி முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது: ‘கன்வெர்ட்டர் 2,800 ஸ்டால், பின்னச்சு 3.00.’ ஸ்டால் என்பது வண்டி நகராமல் நிற்கும்போது இன்ஜின் எட்டக்கூடிய அதிகபட்சச் சுற்று. பின்னச்சு 3.00 என்றால் சக்கரம் ஒருமுறை சுற்ற, டிரான்ஸ்மிஷனிலிருந்து வரும் தண்டு மூன்று முறை சுற்ற வேண்டும். இது பொருந்தாத ஜோடி. ஸ்டால் எண் அதிகமான கன்வெர்ட்டர் தளர்வானது. அது பந்தயத் திடலில் சட்டென்று கிளம்புவதற்காகச் செய்தது. 3.00 பின்னச்சோ இன்ஜினை நிதானமான சுழற்சியில் வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கானது.

இதை ஊகமாக விட வேண்டாம், வண்டியை வைத்தே சோதிக்கலாம். மணிக்கு எத்தனை மைல் என்பதைப் பின்னச்சு விகிதத்தால் பெருக்கி, 336ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தை அங்குலத்தில் வைத்து வகுத்தால், வழுக்கலே இல்லாவிட்டால் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது கிடைக்கும். உங்கள் பின் டயர் 29 அங்குலம் என்கிறீர்கள். 60 மைல் வேகத்தில் 60 × 3.00 × 336 ÷ 29, அதாவது ஏறக்குறைய 2,085 சுற்று. வேகத்தை ஸ்பீடாமீட்டரில் பார்க்காதீர்கள், கைபேசியின் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். மூன்றாவது கியரில், சமதளத்தில், ஒரே சீராக ஓட்டும்போது இன்ஜின் சுற்றைச் சொல்லும் உங்கள் டேக்கோமீட்டர் 2,350 காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டேக்கோமீட்டர் சரியாக இருந்தால் வழுக்கல் 11 சதவீதம். நல்ல தெருக் கன்வெர்ட்டர் அந்த வேகத்தில் இதில் பாதிகூட வழுக்காது.

இதைச் சூடாக மாற்றிப் பார்ப்போம். அந்த வேகத்தில் ஓட உங்கள் கூப்பேக்குச் சுமார் 20 குதிரைத்திறன் தேவை என்று வைத்துக்கொண்டால், 11 சதவீதம் என்பது 1,600 வாட்டுக்கு மேல். பம்ப்பின் உராய்வு தனி. இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை எண்ணெய்க்குள் போட்டு ஓயாமல் எரிய விட்டதற்குச் சமம். 20 குதிரைத்திறன் என்பது என் மதிப்பீடு, உங்கள் வண்டியின் உண்மை எண் மேலோ கீழோ இருக்கலாம். ஆனால் நூறு வாட் கணக்கில் இல்லை, ஆயிரம் வாட் கணக்கில் பேசுகிறோம் என்பது மாறாது.

இப்போது அந்த ஃபின் வைத்த குழாயைப் பாருங்கள். விற்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. காற்று வேகமாக அடிக்கும் இடத்தில், ரேடியேட்டருக்குள்ளேயே ஒரு கூலர் இருக்கும் வண்டியில், கூடுதல் உதவியாக அது பயன்படும். தனியாக நின்றால் போதாது. வண்டி நிற்கும்போது அதைத் தொட்டுப் போகும் காற்று தானாக மேலெழும் காற்று மட்டுமே. அதன் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால் நூறு, மிஞ்சினால் இருநூறு வாட்தான் வெளியேறும். உங்கள் ஊரில் இன்னொரு கொடுமையும் உண்டு. கோடை மதியத்தில் ஃபீனிக்ஸ் வட்டாரத்துத் தார்ச்சாலையின் மேற்பரப்பு 65 செல்சியஸைத் தாண்டும். வண்டிக்கு அடியில் இருக்கும் காற்று, கீழே சாலையிலிருந்தும் பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்தும் சூடு வாங்கிக்கொண்டு நிற்கிறது. கூலருக்கு வேண்டியது எண்ணெய்க்கும் காற்றுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம். எண்ணெய் 90 செல்சியஸ், மூக்குக்கு முன்னால் காற்று 43 செல்சியஸ் என்றால் வித்தியாசம் 47. அடியில் காற்றே 60 டிகிரி என்றால் வித்தியாசம் 30. அதே கூலர், இடம் மாறியதாலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறனை இழக்கிறது.

இதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு 1934 செடான் வந்தது. ஃபின் குழாயை மஃப்ளருக்கு, அதாவது சைலன்சருக்கு, நாலு அங்குலம் தள்ளி, ரெயிலை ஒட்டி அழகாக மாட்டியிருந்தார்கள். உள்ளே போகும் எண்ணெய் 205 டிகிரி ஃபாரன்ஹீட், வெளியே வருவது 212. கூலர் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் அதற்குள் இரண்டு டிரான்ஸ்மிஷனுக்குப் பணம் கொடுத்திருந்தார். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில் நீள்கிறது.

நீங்களும் அளந்து பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும். ஆனால் பளபளக்கும் உலோகத்தில் அது தவறாகவே காட்டும். கூலருக்குள் போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த டேப்பின் மேல் அளக்க வேண்டும். வண்டி நன்றாகச் சூடான பிறகு, இரண்டுக்கும் இடையே 15 முதல் 20 செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் கூலர் வேலை செய்கிறது என்று பொருள். இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் கூலர் பெயருக்கு இருக்கிறது. வித்தியாசம் மிகப் பெரிதாக, ஐம்பது அறுபது என்று இருந்தால் மகிழ வேண்டாம், எண்ணெய் போதுமான அளவு ஓடவில்லை. ஓட்டத்தையும் சோதியுங்கள். திரும்பி வரும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு, உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, இன்ஜினை ஐடிலில் இருபது நொடி மட்டும் ஓட்டினால் ஏறக்குறைய ஒரு குவார்ட், அதாவது கால் கேலன், வர வேண்டும். கூலரிலிருந்து திரும்பும் எண்ணெய்தான் டிரான்ஸ்மிஷனின் உள் பாகங்களுக்கு உயவாகப் போகிறது. அங்கே அடைப்பு என்றால் சூடு மட்டும் பிரச்சினை இல்லை, புஷ்ஷும் தேயும்.

இனி இடம். உங்கள் வண்டிக்கு நான் முதலில் சொல்வது, இடமே தேட வேண்டாத வழி. அடித் தொட்டிக்குள் டிரான்ஸ்மிஷன் குழாய் வைத்த ரேடியேட்டருக்கு மாறுங்கள். 1932 ஃபோர்டுக்கு ரேடியேட்டர் செய்யும் கம்பெனிகள் பெரும்பாலும் கூலர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகையிலும் தருகின்றன. வெளி அளவு ஒன்றுதான். உங்கள் பட்டறை இல்லாததை வாங்கியிருக்கிறது. நீருக்குச் சூட்டை வாங்கும் திறன் காற்றைவிட மிக அதிகம். அடித் தொட்டியில் இருப்பது ரேடியேட்டரைக் கடந்து ஆறிய நீர். அங்கே எண்ணெய்க் குழாய் கொஞ்சமே இருந்தாலும் நிறையச் சூட்டை இறக்கிவிடும். குளிர்காலக் காலையில் அதே நீர் எண்ணெயைச் சீக்கிரம் சூடேற்றியும் கொடுக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களில் காலம் காலமாக இந்த முறையே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, ‘இன்ஜின் சூடாகிவிடும்.’ ரேடியேட்டர் பல பத்துக் கிலோவாட்டைக் கையாளுகிறது. அதற்கு ஒன்றரை இரண்டு கிலோவாட் பெரிய சுமை இல்லை. உங்கள் இன்ஜின் ஏற்கெனவே 210, 215 ஃபாரன்ஹீட் என்று தள்ளாடினால் மட்டும் இந்த மறுப்பை மதிக்க வேண்டும். அப்போது முதலில் தீர்க்க வேண்டியது இன்ஜினின் சூடு. இன்னொரு மறுப்பு கனமானது. ரேடியேட்டருக்குள் இருக்கும் குழாய் ஓட்டையானால் ரேடியேட்டர் நீரான கூலன்ட் டிரான்ஸ்மிஷனுக்குள் போகும். கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையை அது கெடுத்துவிடும். எண்ணெய் இளஞ்சிவப்பு மில்க் ஷேக் மாதிரி ஆகும். உண்மைதான், நடக்கும். பழைய, கவனிக்காத ரேடியேட்டர்களில்தான் அதிகம் நடக்கிறது. கூலன்ட்டை ஒழுங்காக மாற்றி, ரேடியேட்டருக்கும் உடலுக்கும் சரியான எர்த் இணைப்பு வைத்திருப்பவர்களிடம் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அந்த அபாயத்தை ஏற்கலாம் என்பது என் முடிவு. ஏற்க மாட்டேன் என்று சொல்லும் நல்ல மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள்.

இரண்டாவது இடம் மூக்கு, கண்டென்சருக்கு முன்னால். காற்று என்ற அளவில் அதுவே சிறந்த இடம். 1932 கிரில்லுக்கும் கண்டென்சருக்கும் இடையே மிஞ்சுவது ஓர் அங்குலமோ ஒன்றரையோ. முக்கால் அங்குலக் கனத்தில் அடுக்குத் தகடு வகைக் கூலர் கிடைக்கிறது. வளைத்த குழாயில் ஃபின் கோர்த்த பழைய வகையைவிட, அதே பரப்பில் அது நன்றாக வேலை செய்யும். அகலம் குறைவாக, ரேடியேட்டரின் அடி மூலையை மட்டும் மறைக்கும்படி ஒன்றை வையுங்கள். முழு முகத்தையும் மூடினால் ஏசியும் இன்ஜினும் சேர்ந்து தவிக்கும். அங்கே தொல்லை கூலர் தரும் சூட்டால் வருவது குறைவு, அது மறைக்கும் காற்றால் வருவதே அதிகம். இரண்டுக்கும் நடுவே அரை அங்குலமாவது விடுங்கள். பிளாஸ்டிக் டையை ரேடியேட்டர் கோருக்குள் குத்தி இழுத்துக் கட்டும் பழக்கம் இருக்கிறதே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதிர்வில் அந்த டை ரேடியேட்டர் குழாயை அறுத்துவிடும். ஃப்ரேமிலிருந்து ஒரு பிராக்கெட்டும் நடுவே ரப்பர் புஷ்ஷும் போதும்.

ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கமாக வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அங்கே வருவது ரேடியேட்டரையும் கண்டென்சரையும் கடந்து சூடேறிய காற்று. நெரிசலில், எப்போது தேவையோ அப்போதே, அது கைவிடும்.

மூன்றாவது, ஃபேன் வைத்த கூலரைப் பின்னால் மாட்டுவது. பலர் இதற்குத்தான் வருகிறார்கள், நானும் பல வண்டிகளில் செய்திருக்கிறேன். இந்த மாடலில் பெட்ரோல் தொட்டி பின்புறம், ஃப்ரேம் கொம்புகளுக்கு நடுவே வெளியே தெரியும்படி இருக்கும். அதற்கு முன்னால், பின்னச்சுக்கு மேலே டிக்கித் தளத்தின் அடியில் படுக்கை வசமாக ஓர் இடம் கிடைக்கும். முதல் வேலை, பின்னச்சை ஜாக்கியில் முழுதாக மேலே தூக்கிப் பார்ப்பது. நின்ற நிலையில் ஆறு அங்குலம் தெரியும் இடம், பள்ளத்தில் விழும்போது ஓர் அங்குலமாகலாம். அடுத்தது, காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பது. ஃபேனைத் தளத்தோடு ஒட்டி வைத்தால், அது தள்ளிய சூடான காற்றையே சுற்றிச் சுற்றி மறுபடி உறிஞ்சும். ஃபேனுக்கும் தளத்துக்கும் நடுவே அதன் விட்டத்தில் பாதியாவது விடுவது என் வழக்கம். இடமில்லாத ஒரு வண்டியில் டிக்கித் தளத்தில் துளை போட்டு, ஒரு தகரக் குழாய் வழியாகக் காற்றைப் பின்புறமாக வெளியேற்றினோம். பேனில் 25 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தது. பின் சக்கரங்கள் கல்லை வாரி அடிக்கும், முக்கியமாக ஃபெண்டர், அதாவது மட்கார்டு, இல்லாத வண்டியில். அடியில் ஒரு கம்பிவலை அவசியம். எக்ஸாஸ்ட் வாய் பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தையே மறந்துவிடுங்கள்.

ஃபேனுக்கு ரிலேவும் தனி ஃப்யூஸும் வையுங்கள். கூலருக்குள் நுழையும் குழாயில் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இணைப்பை மூடி ஃபேனை ஓடவிடும் வெப்பச் சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். கையால் போடும் சுவிட்சை மட்டும் நம்பினால் ஒருநாள் மறப்போம். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் அதன் பெயர்ப்பலகையில் உள்ளதைவிட மிகக் குறைவு. ரேடியேட்டர் ஃபேன், ஏசி ப்ளோயர், இப்போது இது. நெரிசலில் மூன்றும் ஓடும்போது பேட்டரியில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். மின்னழுத்தம் குறைந்தால் எல்லா ஃபேனும் சோம்பும், எல்லாமே சூடாகும்.

ரேடியேட்டர் கூலரும் தனிக் கூலரும் இரண்டும் வைத்தால் எது முதலில் என்பதில் சண்டையே நடக்கும். அரிசோனா வெயிலுக்கு என் வரிசை: டிரான்ஸ்மிஷன், பிறகு ரேடியேட்டர், பிறகு காற்றுக் கூலர், மறுபடி டிரான்ஸ்மிஷன். உறைபனியில் ஓட்டுபவர்கள் மாற்றி வைத்து, கடைசியில் ரேடியேட்டர் நீரால் எண்ணெயை இதமாக்கிக்கொள்வார்கள். அவர்கள் சொல்வதும் அவர்கள் ஊருக்குச் சரி.

குழாய் வேலைதான் வண்டியைக் காப்பதும் கொளுத்துவதும். டர்போ 350இன் வலப்பக்கத்தில் இரண்டு துளைகள் உண்டு. கீழே இருப்பது கூலருக்குப் போவது, மேலே இருப்பது திரும்புவது. இதையும் நான் சொன்னேன் என்று விட்டுவிடாமல், ஒரு நொடி இன்ஜினைச் சுற்றவைத்து எதிலிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அந்தத் துளைகளின் மரை நேர்மரை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கூம்புமரை ஃபிட்டிங்கும் அதில் ஏறும். ஏறும்போது சரியாகவே இருப்பது போலத் தோன்றும். இன்னொரு சுற்று இறுக்கினால் அலுமினியக் கூடு விரிசல் விடும். விரிசல் விட்ட கூட்டோடு வந்தவர்களை எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதாது. டிரான்ஸ்மிஷனுக்கென்றே விற்கும் ஃபிட்டிங்கை வாங்குங்கள், சில டாலர்தான் வித்தியாசம்.

இரும்புக் குழாய் அல்லது நிக்கல்-செம்புக் குழாய், 3/8 அங்குலம். நிக்கல்-செம்பு கையாலேயே வளையும், துருவும் பிடிக்காது. உங்களுடையது போன்ற நெருக்கமான ஃப்ரேமுக்கு அது வரம். வெறும் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் விரிசல் விடும். குழாயின் வாயைப் புனல்போல் அகட்டுவதை ஃப்ளேர் என்பார்கள். பந்தய வண்டிகளில் பார்க்கும் ஏ.என். வகை ஃபிட்டிங் என்றால் 37 டிகிரி ஃப்ளேர், சாதாரணக் கார் ஃபிட்டிங் என்றால் 45 டிகிரி இரட்டை ஃப்ளேர். இரண்டையும் கலந்தால் ஒழுகும். வளையத்தை நசுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கை இங்கே சேர்க்கவே கூடாது. ரப்பர் ஹோஸ் வேண்டிய இடத்தில், டிரான்ஸ்மிஷன் கூலருக்கான தரக்குறியான எஸ்.ஏ.இ. ஜே1532 என்று அச்சிட்டதை மட்டும் போடுங்கள். பெட்ரோல் ஹோஸ் முதல் வருடம் நன்றாகத்தான் இருக்கும், பிறகு சூட்டில் விறைத்து வெடிக்கும். 1932 ஃப்ரேமின் வெளிப்பக்கம் எல்லார் கண்ணிலும் படும் பக்கம், அழகுக் கோடு அங்கேதான் ஓடுகிறது. அதனால் குழாயெல்லாம் ரெயிலின் உட்புறம். ஆனால் இன்ஜினின் புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதியான ஹெடரும் உட்புறம்தான். ஹெடரிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளியே கொண்டுபோங்கள். முடியாத இடத்தில் நடுவே ஒரு தகடு வையுங்கள். டிரான்ஸ்மிஷன் எண்ணெய் சுமார் 180, 200 செல்சியஸில் பற்றக்கூடிய ஆவியைத் தரத் தொடங்கும். ஹெடரின் சூடு அதற்கும் மேலே. மெல்லிய ஒழுகல்கூட அங்கே தீயாகும். வண்டியில் ஒரு தீயணைப்பான் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கூலருக்கு முன் அதை வாங்குங்கள்.

ஆழமான பேன் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். இரண்டு குவார்ட் எண்ணெய் கூடினால் சூடேற நேரம் ஆகும், அவ்வளவுதான். நெரிசல் நீண்டால் அதே 245க்குப் போய்ச் சேரும். தாழ்ந்த வண்டியில் அந்தப் பேன் வேகத்தடையில் முட்டுவது தனிக் கவலை.

டிரான்ஸ்மிஷன் ஒருமுறை எரிந்திருந்தால் பழைய கூலரைத் திரும்பப் போடாதீர்கள். அடுக்குத் தகடு வகையின் உள்ளே சிக்கிய கிளட்ச் துகளை எந்தக் கழுவலும் முழுதாக வெளியேற்றாது. திரும்பும் குழாயில் காந்தம் வைத்த சின்ன வடிகட்டி ஒன்றையும் போட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் எண்ணெய் அளவைச் சூடான நிலையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பார்க் நிலையில் பாருங்கள். புதுக் கூலரும் குழாயும் சேர்ந்து அரை குவார்ட்டிலிருந்து ஒரு குவார்ட் வரை கூடுதலாகக் குடித்திருக்கும். குறைந்தாலும் காற்றுக் குமிழி, அதிகமானாலும் நுரை.

செலவு வரிசை கேட்டால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் பணத்தைக் கன்வெர்ட்டரில் போடுவேன். 1,800 சுற்றுப் பக்கத்தில் ஸ்டால் உள்ள இறுக்கமான தெருக் கன்வெர்ட்டர். வழுக்கல் பாதியானால் இரண்டு இஸ்திரிப் பெட்டியில் ஒன்று அணைந்த மாதிரி. ஆனால் உங்கள் இன்ஜினின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஐடிலில் குலுங்கும் பெரிய கேம் என்றால், இறுக்கமான கன்வெர்ட்டர் போட்டதும் சிக்னலில் இன்ஜின் அணையும். அதைக் கட்டியவர் 2,800ஐத் தேர்ந்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். கேம் விவரத் தாளைத் தேடி எடுத்து, கன்வெர்ட்டர் செய்பவரிடம் வண்டியின் எடை, பின்னச்சு, டயர் எல்லாவற்றோடும் கொடுத்துக் கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் தூரத்திலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதற்கு முன்னால் இந்த வாரமே பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை: ஜிபிஎஸ்ஸை வைத்து வழுக்கலை மறுபடி அளப்பது, டேப் ஒட்டிக் கூலரின் இரு பக்கமும் சூடு பார்ப்பது, வாளியில் ஓட்டம் பார்ப்பது. பிறகு ரேடியேட்டர். அதற்குப் பிறகும் பேன் 210ஐத் தாண்டினால் மட்டும் பின்னால் ஃபேன் வைத்த சிறிய கூலர். 1,200 கிலோ எடையுள்ள வண்டி உங்களுடையது, டிரெய்லர் இழுக்கும் டிரக் இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் பெரிய டிரக் அளவுகளைப் பார்த்து மயங்கி, நுழையாத கூலரை வாங்காதீர்கள்.

சோதனை ஓட்டத்துக்கு நெடுஞ்சாலை போதாது. இங்கே டெட்ராய்ட் பக்கம் ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் ஊர்வலம் போகும், 1995இலிருந்து நடக்கிறது. மணிக்கணக்கில் நடை வேகத்தில் ஊர வேண்டியிருக்கும். ஸ்ட்ரீட் ராடை உண்மையில் பதம் பார்ப்பது அந்த வேகம்தான். உங்கள் ஊரில் மாலை நான்கு மணி நெரிசலில், ஏசி போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேன் வெப்பத்தையும் இன்ஜின் வெப்பத்தையும் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றால் நல்லது, நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் 230லேயே நிறுத்திவிடுங்கள். அந்தக் குறிப்பையும் கேம் விவரத்தையும் இங்கேயே போட்டால், எந்த அளவுக் கூலர், எந்த மூலையில் என்பதை உங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன்.